பையா என்றால் அண்ணன் இல்லை

ராத்திரி ஒன்பதரை இருக்கும். விஷாரத் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் இருவரையும் அனுப்பிவிட்டு கேட்டைச் சாத்த வந்தால், தெருமுனை மளிகைக் கடைப் பையனோடு ஒரு கான்ஸ்டபிள் நிற்கிறார்.

“டீச்சரம்மா, ஐயா கூப்பிடறாரு. வடக்கத்திப் பையன் ஒருத்தனைக் கூட்டியாந்திருக்கோம். எதைக் கேட்டாலும் பையா, பையாங்கறான். ரெண்டு வார்த்தை கேட்டுச் சொல்லிட்டு வந்துடலாம்மா.”

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது. ரெண்டு வார்த்தைதானே என்று கட்டியிருந்த புடவையோடு கிளம்பினேன். அந்த ரெண்டு வார்த்தையையுமே நான் தப்பாகச் சொன்னேன்.

ராயப்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஹிந்தி டியூஷன் எடுக்கிறேன். 1918-ல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபா தி. நகரில் இருக்கிறது. அது நடத்தும் பரீட்சைகளுக்கு, பிராத்மிக் தொடங்கி பிரவீண் வரை, பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. எங்கள் பேட்டையில் அந்த மொழியின் சாயல் புதிதல்ல. ஜாம்பஜார் பக்கம் நடந்தால் தக்கனி உருது காதில் விழும். ஆற்காடு நவாப் குடும்பத்தின் அமீர் மஹாலும் இங்கேதான் இருக்கிறது. இப்போது மெட்ரோ சுரங்க வேலைக்கும் அடுக்குமாடிக் கட்டிட வேலைக்கும் வந்த பிள்ளைகள் சாயங்காலத்தில் ஒடியா, வங்காளி, போஜ்புரி எல்லாம் பேசிக்கொண்டு டீக்கடை முன்னால் நிற்கிறார்கள். நாம் மொத்தத்தையும் ஹிந்தி என்கிறோம்.

ஸ்டேஷனில் இருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஜார்க்கண்டில் தும்கா பக்கம். அவன் வேலை செய்த கட்டிடத்தில் செப்பு வயர் காணாமல் போயிருந்தது. அவன் பையிலோ அவனுடையதல்லாத ஒரு செல்போன். போன் யார் கொடுத்தது என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

“பையா நே தியா.”

“அண்ணன் கொடுத்தானாம் சார்” என்றேன். எப்போது என்று கேட்கச் சொன்னார்கள். “பர்ஸோ” என்றான். “முந்தாநாள்” என்றேன். வயர் காணாமல் போனதும் முந்தாநாள் ராத்திரிதான். ரைட்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

அண்ணன் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி. சபா பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி, உனது மூத்த சகோதரனின் பெயர் யாது என்று சுத்தமான ஹிந்தியில் கேட்டேன். பையன் விழித்தான். எனக்குக் கூடப் பிறந்தவன் யாரும் இல்லை என்றான்.

“இப்பதான் அண்ணன் கொடுத்தான்னான், இப்ப அண்ணனே இல்லைங்கறான் பாருங்க சார்” என்றார் ரைட்டர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் பேசினார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த அறையில் பையன் பொய்யன் ஆகிவிட்டான்.

டீக்கடை மாஸ்டரை அண்ணன் என்கிறோம். கண்டக்டரை அண்ணன் என்கிறோம். கட்சித் தலைவரையும் அண்ணன் என்கிறோம். பையாவும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாதா? பர்ஸோ என்பதற்கு இலக்கணப்படி முந்தாநாள், இல்லாவிட்டால் நாளை மறுநாள். ஆனால் ஹைதராபாத்திலிருந்து கல்யாணமாகி ஜாம்பஜாருக்கு வந்த என் தோழி, போன மாசம் நடந்ததையும் பர்ஸோ என்றுதான் சொல்லுவாள். ‘அன்னைக்கு ஒரு நாள்’ என்கிற அளவுதான் அதற்குப் பொருள். அதுவும் எனக்குத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில், எதிரே மூன்று காக்கிச் சட்டை உட்கார்ந்திருக்க, தெரிந்தது எல்லாம் போய் அகராதி மட்டும் என்னிடம் மிஞ்சியது.

பையன் அன்று இரவு முழுக்க பெஞ்சில் இருந்தான். மறுநாள் மத்தியானம் சைட் சூப்பர்வைசர் வந்தார். பீகார்க்காரர், தமிழும் பேசுவார். “போன் நான் கொடுத்தது சார், வீட்டுக்குப் பேசிக்கோன்னு. பத்து நாள் ஆச்சு. என்னைத்தான் இவன் பையாம்பான்.” அனுப்பிவிட்டார்கள். வாசலில் பையன் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரைட்டர் எழுதிய தாளை அன்று படித்துக் காட்டச் சொன்னேன். ‘என் அண்ணன் முந்தாநாள் கொடுத்தான்’ என்று சுத்தமான தமிழில் இருந்தது. பையன் எந்த மொழியில் பேசினான் என்று ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒருத்தி உட்கார்ந்து சொன்னாள் என்று இல்லை. படிக்கிறவருக்கு தும்கா பையன் தானே தமிழில் வாக்குமூலம் கொடுத்ததாகத்தான் தோன்றும். என் தப்பு அவன் வாயில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறகு தெரிந்தது இன்னொன்று. அவன் வீட்டுப் பேச்சு ஹிந்தியே இல்லை, சந்தாலி. 2003-ல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி. ஓல் சிக்கி என்று தனி எழுத்து உண்டு, ரகுநாத் முர்மு உருவாக்கியது. முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் ஹிந்திக்கும் உள்ள தூரம், தமிழுக்கும் ஹிந்திக்கும் உள்ள தூரத்தைப் போன்றதுதான். அவன் பள்ளிக்கூடத்தில் கற்ற ஹிந்தியில் பேசினான், நான் பரீட்சைக்குக் கற்ற ஹிந்தியில் கேட்டேன். இரவல் மொழி இரண்டு சந்தித்துக்கொண்ட இடத்தில் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று எழுதப்பட்டது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்துவருகிறேன்.

எல்லை தாண்டிய குற்றம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பவாரியா கும்பல். 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. கே. சுதர்சனம் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் பத்து வருஷமாக நெடுஞ்சாலை ஓர வீடுகளில் கொலையும் கொள்ளையும் நடந்துகொண்டிருந்தது. அப்போது அமைத்த தனிப்படைக்குத் தலைமை எஸ்.ஆர். ஜாங்கிட். ராஜஸ்தானில் பிறந்தவர், அப்போது தமிழ்நாடு ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்தவர். வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கித் தேடிய அந்தப் படை ஓமா பவாரியாவைப் பிடித்தது. ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படம் இந்தக் கதையிலிருந்து வந்தது. படம் பார்த்தவர்களுக்குச் சண்டைக் காட்சிகள் நினைவிருக்கும். என் மனதில் நின்றது வேறு. அந்த வழக்கில் தமிழ்நாட்டு போலீசுக்குப் பெரிய துணை விரல்ரேகை. ரேகைக்கு மொழி இல்லை. ஆனால் ரேகைக்கு உரியவன் எந்தக் கிராமம், யார் வீட்டில் ஒளிவான் என்பதை அந்த ஊர் வாயிலிருந்துதான் கேட்டு வாங்கவேண்டும். அதற்கு வடக்கத்திப் பேச்சோடு வளர்ந்த ஒருவர் தலைமையில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

2017 டிசம்பரில் அதே ராஜஸ்தானுக்கு, கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி இன்னொரு சென்னைப் படை போனது. பாலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றது முதலில் வந்த செய்தி. கூட இருந்தவரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாக வெடித்தது என்று ராஜஸ்தான் போலீஸ் பிறகு சொன்னது. மார்வாரி பேசும் ஒரு கிராமத்துக்குள் தமிழ் பேசும் சிலர் நுழைந்து நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எதிர்ப்பக்கமாகவும் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ நடந்த சண்டைகளுக்கு ஹிந்தியில் வேறு விளக்கம் போட்டு விட்டிருந்தார்கள். அப்போதைய நம் டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவை பொய் என்று வீடியோவில் அறிவித்தார். விசாரிக்க பீகார் அரசு அனுப்பிய குழுவுக்குத் தலைமை அந்த மாநில ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன். உடன் வந்தவர்களில் போலீஸ் ஐ.ஜி. கண்ணன் ஒருவர். பெயர்களைக் கவனியுங்கள். தமிழ் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் போய் இரு பக்கத்தையும் அவரவர் மொழியில் கேட்டார்கள். வதந்தி அடங்கியது. மொழி தெரிந்த ஒரு அதிகாரி கிடைத்தால் எவ்வளவு சீக்கிரம் காரியம் முடிகிறது!

ஆனால் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு ஜாங்கிட்டோ பாலமுருகனோ கிடைக்கமாட்டார்கள். 2025 மார்ச்சில், விமானத்தில் வந்திறங்கி ஒரே காலையில் தென்சென்னையில் வரிசையாகப் பெண்களின் சங்கிலியை அறுத்துவிட்டு, மறுபடி விமானம் ஏறப் போன இடத்தில் பிடிபட்டவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். திருடனுக்குப் பயணம் அவ்வளவு சுலபம். போலீசுக்கு அப்படி இல்லை. நம் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். தமிழில் இருக்கும். வேறு மாநிலத்தில் ஒருவரைக் கைது செய்தால், அந்த ஊர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, இங்கே கூட்டிவர டிரான்சிட் அனுமதி வாங்கவேண்டும். கைதுசெய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாகவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. அந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்பு கையில் இல்லாமல் போன எஸ்.ஐ.க்கு அந்த 24 மணி நேரம் எவ்வளவு குறுகியது என்று யோசியுங்கள்.

வெளிநாடு என்றால் தூரம் இன்னும் அதிகம். இன்டர்போலின் அலுவல் மொழிகள் நான்கு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு. நம் ஊர் ஸ்டேஷனில் தமிழில் தொடங்கும் தகவல் ஆங்கிலமாகி, டெல்லியில் சி.பி.ஐ. வழியாகப் போகும். ஒரு நாட்டின் கோர்ட்டிடம் உதவி கேட்டு நம் கோர்ட் அனுப்பும் கோரிக்கைக் கடிதம் அந்த நாட்டு மொழியில் போகவேண்டும். அதை மொழிபெயர்த்தவர் சான்றும் கூடவே போகவேண்டும். அங்கே மட்டும் மொழிபெயர்த்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

பெயர் என்றதும் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழில் ‘பால்’ என்று எழுதுங்கள். வங்காளத்து பால் குடும்பத்துக்காரராக இருக்கலாம், கிறிஸ்தவர் பால் ஆக இருக்கலாம், மும்பை மராத்தியர் பால் ஆகவும் இருக்கலாம். வாயால் சொன்னால் மூன்றும் வேறு. எழுத்தில் ஒன்றே. தமிழ் எஃப்.ஐ.ஆரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்த பால் என்று முடிவுசெய்வது யார்? பெரும்பாலும் நள்ளிரவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு கான்ஸ்டபிள். எங்கள் தெருவில் மைதீன் என்ற பெயரை ஐந்து வீட்டில் ஐந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாததால் அப்பா பெயரைப் போடுகிறோம். வெளிநாட்டு போலீஸ் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறது, தேடுகிறது. என் மாணவி ஒருத்தியை வெளிநாட்டு விமான நிலையத்தில் ‘மிஸ்டர் கோவிந்தசாமி எங்கே’ என்று கேட்டு நிறுத்திவைத்தார்கள். கோவிந்தசாமி அவளுடைய காலமான அப்பா.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் சுரங்க ரயில் 1994-ல் திறந்தது. சுரங்கத்துக்குள் விபத்தோ குற்றமோ நடந்தால் இரு நாட்டு போலீசும் வயர்லெஸ்ஸில் பேசவேண்டும். அதற்கு முன்பே, எட்வர்ட் ஜான்சன் என்ற மொழியியலாளர் தலைமையில் கேம்பிரிட்ஜில் ‘போலீஸ்ஸ்பீக்’ என்ற திட்டம் நடந்தது. போலீஸ்காரர்கள் வயர்லெஸ்ஸில் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து, குழப்பம் தராத வார்த்தைகளையும் வாக்கிய அமைப்புகளையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரையறுத்தார்கள். கப்பல்களுக்காக ‘சீஸ்பீக்’ உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். இலக்கியம் தெரிந்தவர் வேண்டாம், இன்ன வார்த்தைக்கு இன்ன பொருள் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் போதும் என்பது அதன் அடிப்படை. சென்னையில் வேலை செய்யும் வடமாநிலத்தவருக்காக, ஐம்பது வாக்கியம் ஆறு மொழியில் அச்சடித்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வைக்க எவ்வளவு செலவாகும்?

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் அண்டை நாட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. சிங்கராசா வழக்கு. இலங்கைத் தமிழர். 1993-ல் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியமாகும். அவர் தமிழில் பேசியதாகச் சொல்லப்பட்டதை ஒரு கான்ஸ்டபிள் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். அவரே தட்டச்சும் செய்தார். அறையில் இருந்தது உதவி சூப்பிரண்டும் அந்தக் கான்ஸ்டபிளும் மட்டும். தனக்குப் படிக்கத் தெரியாத சிங்களத் தாளில் சிங்கராசாவின் விரல்ரேகை பதிந்தது. அந்த ஒப்புதலை வைத்தே தண்டனை, 50 ஆண்டு. மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் இதை ஆராய்ந்து, விசாரித்தவர்களே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த சூழலில் பெற்ற ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை அல்ல என்று சொன்னது. இத்தனைக்கும் 1987-லேயே அரசியலமைப்பின் 13-வது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியிருந்தது. சட்டப் புத்தகத்தில் மொழி இருந்தது. அந்த அறையில் இல்லை.

அந்த வழக்கைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தும்கா பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான் என்பதால்.

நம் நாட்டில் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிசன் என்பவர், ஆங்கிலத்தில் கொடுத்த காரணங்கள் புரியவில்லை, ஹிந்தியில் தாருங்கள் என்று கேட்டு மறுக்கப்பட்டார். 1962-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. புரியாத மொழியில் சொல்வது சொன்னதாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது. கோர்ட்டில் சாட்சி பேசுவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது.

ஓட்டை இருப்பது கோர்ட்டுக்கு முன்னால், ஸ்டேஷன் மேஜையில். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் கோர்ட்டில் நேரடிச் சாட்சியம் ஆகாது என்பது உண்மை. ஆனால் சாட்சி பிறகு வேறு மாதிரி பேசினால், ‘அன்றைக்கு இப்படிச் சொன்னாயே’ என்று மடக்க அந்தத் தாள் போதும். அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவே இல்லை, ஹிந்தி டீச்சர்தான் சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்?

இப்போது கான்ஸ்டபிள்கள் செல்போனை நீட்டி மொழிபெயர்க்கிறார்கள். அவசரத்துக்கு அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் செல்போனும் பையாவை அண்ணன் என்று சொல்லலாம். நாளைக்கு அதைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது.

ஆகவே நான் காவல் துறையிடம் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வாக்குமூலத்தின் அடியில் மூன்று வரி. பேசியவரின் வீட்டு மொழி எது. விசாரணை எந்த மொழியில் நடந்தது. நடுவில் இருந்து சொன்னவர் யார், அவர் கையெழுத்து. முடிந்தால் ஒலிப்பதிவு. வாக்குமூலத்தை ஒலியாகவும் ஒளியாகவும் பதிவுசெய்யச் சட்டம் ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. தமிழில் மட்டும் எழுதாமல், ‘பையா’ என்ற வார்த்தையை அப்படியே எழுதி அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டால் இன்னும் நல்லது. சொல்கிறவருக்கு ஆட்டோ காசும் ஒரு சிறு கூலியும் கொடுத்தால், தெருவில் அகப்பட்டவரைக் கூப்பிடாமல் தெரிந்தவரைக் கூப்பிடமுடியும்.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஏழெட்டு முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். போனதும் முதலில் அந்தப் பிள்ளையிடம், வீட்டில் அம்மாவோடு எந்த மொழியில் பேசுவாய் என்று கேட்கிறேன். ஒடியா, சந்தாலி என்று சொன்னால், எனக்கு அது தெரியாது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்படிச் சொன்னபோது, ஒடியா தெரிந்த ஒரு நர்ஸைத் தேடிக் கூட்டிவந்தார்கள். தெரிந்த மொழி என்றால் உட்கார்ந்து, சந்தேகமுள்ள வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முடிந்ததும் தாளை வாங்கி அடியில் எழுதுகிறேன்: ‘ஹிந்தியில் கேட்டுத் தமிழில் சொன்னவர்’ என்று எழுதி, என் பெயர், ராயப்பேட்டை முகவரி, தேதி, நேரம்.

இது வழக்கமில்லையே டீச்சரம்மா என்று முதல் முறை ரைட்டர் சொன்னார். இப்போது அவரே தாளின் அடியில் இடம் விட்டு வைக்கிறார்.